மரப்பெட்டிக்குள் ஒரு கணினி: வாசகர் கேள்வி – பதில்

மேசைக் கணினிக்கு மரத்தில் பெட்டி செய்துகொள்வது பற்றிச் சென்ற இதழில் நான்கே வரிகளில் ஒரு பதில் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிகளுக்கு வந்த கடிதங்கள் மேசையில் ஓர் அடுக்காகச் சேர்ந்துவிட்டதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். நம் ஊரில் அந்தப் பெட்டியையே 'சி.பி.யு.' என்று அழைக்கும் வழக்கம் உண்டு. அது உண்மையில் உள்ளே இருக்கும் செயலியின் பெயர் என்பதால், இங்கே பெட்டி அல்லது கேபினெட் என்றே எழுதுகிறேன்.

கேள்வி: 'ரௌட்டர் ஒன்று இருந்தால் பெட்டியை வீட்டிலேயே செய்துவிடலாம்' என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் வை-ஃபை ரௌட்டர் இருக்கிறது. அதற்கும் மரவேலைக்கும் என்ன தொடர்பு?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: தவறு என்னுடையது, கணினியைப் பற்றிப் பேசும் இடத்தில் அந்தச் சொல்லை விளக்காமல் விட்டிருக்கக் கூடாது. தச்சர்கள் சொல்லும் ரௌட்டர் என்பது மரத்தின்மேல் கையால் பிடித்து நகர்த்தும் ஒரு மின்கருவி. அதன் மோட்டாரின் கீழ்முனையில் பொருத்திய பிட் என்ற வெட்டுமுனை, நிமிடத்துக்குப் பத்தாயிரம் முதல் முப்பதாயிரம் சுற்றுகள் வரையிலான வேகத்தில் சுழன்று, மரத்தில் காடி எனப்படும் நீளப் பள்ளம் எடுக்கவும், விளிம்பை உருட்டவும், நடுவில் துளை வெட்டவும் பயன்படுகிறது. இதன் சிறிய வடிவத்துக்கு டிரிம்மர் என்று பெயர். பலகையில் மைக்கா ஒட்டிய பிறகு ஓரத்தைச் சீவுவதற்குத் தச்சர்கள் ஒற்றைக் கையில் பிடித்து ஓட்டும் கருவியைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் இருக்கும் உங்கள் ரௌட்டரைப் பத்திரமாக அங்கேயே இருக்க விடுங்கள்.

கேள்வி: கணினிப் பெட்டி என்றாலே இரும்புத் தகடுதானே? மரத்தில் செய்வது வெறும் ஆடம்பரமா, அல்லது அதற்கு முன்னுதாரணம் உண்டா?
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: முன்னுதாரணம் தொடக்கத்திலேயே இருக்கிறது. 1976-இல் ஆப்பிள்-1 விற்பனைக்கு வந்தபோது, 666.66 டாலர் கொடுத்தவர் கையில் கிடைத்தது பாகங்கள் பொருத்திய ஒரு சர்க்யூட் பலகை மட்டுமே. விசைப்பலகையும் மின்மாற்றியும் பெட்டியும் வாங்கியவரின் பொறுப்பு என்பதால், சிலர் தாமே மரப்பெட்டி செய்துகொண்டார்கள். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ள ஆப்பிள்-1 அப்படியொரு கைவேலை மரப்பெட்டியில்தான் இருக்கிறது. அதே ஆண்டு வெளிவந்த சோல்-20 என்ற கணினியின் பக்கப் பலகைகள் வால்நட் மரத்தால் ஆனவை. அண்மைக் காலத்தில், சுவீடனைச் சேர்ந்த ஃப்ராக்டல் டிசைன் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட 'நார்த்' கேபினெட்டின் முகப்பில் வால்நட் அல்லது ஓக் மரச் சட்டங்கள் இருக்கின்றன.

அந்த 'நார்த்' கேபினெட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியும் முகப்புதான் மரம். சர்க்யூட் பலகைகளையும் அட்டைகளையும் தாங்கும் உடல் எஃகு. இன்று வருகிற எல்லாக் கடிதங்களுக்கும் நான் சொல்ல விரும்புவது ஏறத்தாழ இதுவே. எஃகு செய்ய வேண்டிய வேலையை மரத்திடம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: இருபது ஆண்டுகளாகக் கதவு, ஜன்னல் செய்து வருகிறேன். கணினி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மகன் மரத்தில் பெட்டி கேட்கிறான். எந்த அளவுகள் பிசகக் கூடாது?
— தச்சுத் தொழில் செய்யும் வாசகர், கும்பகோணம்

பதில்: வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையதுதான், ஏனென்றால் மற்றவர்கள் கருவியைப் பற்றிக் கேட்டிருக்க, நீங்கள் அளவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.

கணினியின் எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மை சர்க்யூட் பலகையான தாய்ப்பலகைக்கு இன்டெல் நிறுவனம் 1995-இல் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்ற அளவுமுறையே இன்றும் அடிப்படையாக இருக்கிறது. முழு அளவுப் பலகை 305 × 244 மி.மீ.; அதன் சிறிய வடிவமான மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244 × 244 மி.மீ.; மினி ஐ.டி.எக்ஸ். என்ற மிகச் சிறியது 170 × 170 மி.மீ. மகனிடம் இருப்பது இவற்றில் எது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பவர் சப்ளை எனப்படும் மின்வழங்கிப் பெட்டியின் முகம் 150 × 86 மி.மீ. இருக்கும், அதன் ஆழம் பெரும்பாலும் 140 மி.மீ., சிலவற்றில் அதற்கும் மேல். காற்றாடியில் 120 மி.மீ. அளவுள்ளதற்குத் திருகாணித் துளைகளின் இடைவெளி 105 மி.மீ.; 140 மி.மீ. அளவுள்ளதற்கு 124.5 மி.மீ. இவையெல்லாம் உங்கள் கைக்கு எளிதானவை.

சிக்கல் பின்பக்கத்தில் இருக்கிறது. யு.எஸ்.பி., ஒலி, இணையக் கம்பி முதலிய செருகுவாய்கள் வெளியே தெரியும் திறப்பு 158.75 × 44.45 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். அதைச் சுற்றிப் பொருந்தும் மெல்லிய தகட்டு மறைப்பு, ஏறத்தாழ 1 மி.மீ. கனமுள்ள தகட்டின் விளிம்பைக் கவ்விக்கொள்ளுமாறு வடிவமைக்கப்பட்டது. 19 மி.மீ. பலகையின் விளிம்பை அதனால் கவ்வ முடியாது. அதற்குக் கீழே வரும் கிராஃபிக்ஸ் அட்டை போன்றவற்றின் இடைவெளி 20.32 மி.மீ.; அந்த அட்டைகளின் உலோகக் காதுகளைத் திருகாணியிட்டு இறுக்குவதற்கும் மெல்லிய உலோக விளிம்பே தேவை. மரத்தில் இவற்றைச் செதுக்க முயன்று, பின்பக்கம் முழுவதையும் வீணாக்கியவர்களில் நானும் ஒருவன்.

ஆகவே பழைய இரும்புக் கடையிலோ, சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவிலோ, ஒரு பழைய ஏ.டி.எக்ஸ். கேபினெட்டை வாங்குங்கள். தாய்ப்பலகையைத் தாங்கும் உள்தட்டும் பின்பக்கத் தகடும் பாப் ரிவெட்டுகளால் இணைக்கப்பட்டிருக்கும். ரிவெட்டின் தலையை 4 மி.மீ. துளைப்பானால் துளைத்தால் அவை கழன்றுவிடும். அளவுமுறை மாறாததால் இருபது ஆண்டுப் பழைய தகட்டிலும் இன்றைய பலகை பொருந்தும். சில பெருநிறுவனங்களின் அலுவலகக் கணினிகளில் மட்டும் துளைகள் வேறிடத்தில் இருக்கும் என்பதால், வாங்குமுன் மகனின் தாய்ப்பலகையை வைத்துப் பார்த்துவிடுங்கள். அந்தத் தட்டையும் தகட்டையும் ஒரே எலும்புக்கூடாக வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி உங்கள் மரவேலையைச் செய்தால், இருபது ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு இது ஒரு சிறிய அலமாரிதான்.

கேள்வி: மரத்துக்குள் கணினி வைத்தால் தீப்பிடிக்கும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். மரம் வெப்பத்தைக் கடத்தாதாமே?
— வங்கி ஊழியர், மதுரை

பதில்: மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பது உண்மை, அதனால் கணினி வெந்துபோகும் என்பது உண்மையன்று. இரும்புக் கேபினெட்டிலும் சுவர் வழியாக வெளியேறும் வெப்பம் மிகக் குறைவு. ஏறத்தாழ முழு வெப்பத்தையும் வெளியே கொண்டுபோவது காற்றோட்டம்தான். இன்றைய செயலிகள் 95 முதல் 105 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மரம் தீப்பற்ற 250 டிகிரிக்கும் மேல் வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே போதிய இடைவெளி இருக்கிறது. ஆனால் மின்வழங்கி பழுதாகியோ இணைப்பு தளர்ந்தோ உள்ளே தீப்பொறி எழுந்தால், எஃகுப் பெட்டி அதை அடைத்து வைக்கும், மரப்பெட்டி எரிபொருளாகும். எனவே மின்வழங்கியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அதன் உலோக உறையைக் கழற்றவும் கூடாது.

காற்று எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்கிடலாம். 300 வாட் வெப்பத்தை வெளியேற்றும்போது, வெளிவரும் காற்று உட்செல்லும் காற்றைவிட 10 டிகிரிக்கு மேல் சூடாகாமல் இருக்க வேண்டுமானால், நொடிக்கு ஏறத்தாழ 25 லிட்டர் காற்று ஓட வேண்டும். ஒரு 120 மி.மீ. காற்றாடி திறந்த வெளியில் கிட்டத்தட்ட அவ்வளவு தரும். வலையும் தூசி வடிகட்டியும் குறுக்கே வந்தால் அதன் பெரும்பகுதி குறைந்துவிடும். ஆகவே முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என வையுங்கள். முகப்பில் அழகுக்காக இரண்டு மூன்று கீறல்களை மட்டும் இட்டுவிட்டு, கணினி சூடாகிறது என்று எழுதுபவர்கள் பலர். ஒரு 120 மி.மீ. காற்றாடியின் பயன்படும் பரப்பு ஏறத்தாழ 90 சதுர செ.மீ.; 6 மி.மீ. அகலமும் 100 மி.மீ. நீளமும் கொண்ட பதினைந்து பிளவுகள் சேர்ந்தால்தான் அந்தப் பரப்பு கிடைக்கும்.

கேள்வி: இடித்த வீட்டிலிருந்து வாங்கிய பழைய தேக்குப் பலகைகள் இருக்கின்றன. அவற்றையே பயன்படுத்தலாமா? பிளைவுட்டே மேலானது என்கிறாரே எங்கள் ஊர் ஆசாரி?
— வாசகி, காரைக்குடி

பதில்: உங்கள் ஊரில் கிடைக்கும் பழைய தேக்கை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது; ஆனால் ஆசாரி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எவ்வளவு பழைய மரமானாலும், காற்றின் ஈரத்தை வாங்கி உப்புவதும் விட்டுச் சுருங்குவதும் நிற்பதில்லை. தேக்கு இவ்வகையில் அடக்கமான மரம்தான். இருந்தும் மரத்தின் ஈரப்பதம் ஐந்து விழுக்காடு மாறினால், ரேகை படுக்கையாக ஓடும்படி அறுத்த பலகை அகலத்தில் ஏறத்தாழ 1 விழுக்காடு மாறும். 250 மி.மீ. அகலமுள்ள பலகையில் அது இரண்டரை மி.மீ. ஆகும். எழுபது ஆண்டுப் பழைய உத்தரத்திலிருந்து அறுத்த தேக்கில், மே மாத வெயிலில் மயிரிழை இடைவெளி விட்டு என் முதல் பெட்டியின் பக்கக் கதவைப் பொருத்தினேன். ஐப்பசி மழையில் அதைத் திறக்கவே முடியவில்லை. உள்ளே ஒரு கம்பி கழன்றிருக்க, தை மாதம் வரை காத்திருந்தேன்.

ஆகவே அகலமான பக்கங்களைப் பேனல் கதவு போலச் செய்யுங்கள். நான்கு சட்டங்களின் உள்விளிம்பில் காடி எடுத்து, நடுப்பலகையை அதில் பசையின்றி மிதக்க விட்டால், அது உப்பினாலும் சட்டத்தைத் தள்ளாது. உலோகத் தட்டை மரத்தோடு இணைக்கும் இடங்களில், வட்டத் துளைக்குப் பதிலாக நீள்துளை இட்டு வாஷரோடு திருகாணி போடுங்கள். இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்றால், உட்கூட்டை 12 அல்லது 19 மி.மீ. பிளைவுட்டில் செய்துவிட்டு, முகப்புக்கும் விளிம்புக்கும் மட்டும் தேக்கை வையுங்கள். கொதிநீரையும் தாங்கும் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் கடலோர ஊர்களுக்கு ஏற்றது. பழைய பலகையில் ரௌட்டரை வைப்பதற்கு முன் ஒரு காந்தத்தால் முழுதும் தடவிப் பாருங்கள். தலை உடைந்து உள்ளே புதைந்த ஓர் ஆணி போதும், கார்பைடு பிட்டின் முனை சிதறுவதற்கு.

கேள்வி: டிரிம்மர் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. வெட்டும் இடமெல்லாம் கருகுகிறது; பிசிர் பிசிராகப் பிய்கிறது; காற்றாடிக்கான வட்டம் வட்டமாகவே வரவில்லை. ஒரு முறை கருவி கையை விட்டே ஓடப் பார்த்தது. என்ன தவறு செய்கிறேன்?
— வாசகர், சேலம்

பதில்: கடைசியில் எழுதியதை முதலில் பார்ப்போம், அதுதான் ஆபத்தானது. மேலிருந்து பார்க்கும்போது பிட் வலஞ்சுழியாகச் சுழல்கிறது. பலகையின் வெளிவிளிம்பைச் செதுக்கும்போது கருவியை இடஞ்சுழியாகவும், ஏற்கெனவே வெட்டிய துளையின் உள்விளிம்பைச் செதுக்கும்போது வலஞ்சுழியாகவும் நகர்த்தினால், பிட் மரத்தை எதிர்த்து வெட்டும். கருவி உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். திசையை மாற்றினால் பிட் சக்கரம் போல மரத்தின்மேல் உருண்டு கருவியை இழுத்துக்கொண்டு ஓடும். உங்களுக்கு நேர்ந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்ததாகக் காலெட்டைப் பாருங்கள். பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் அந்த உறை 6 மி.மீ., கால் அங்குலம், 8 மி.மீ., அரை அங்குலம் என்று பல அளவுகளில் வருகிறது. கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. என்பதால், 6 மி.மீ. தண்டை அதில் செருகினாலும் இறுகியது போலத் தோன்றும். சுழலும்போது நழுவி இறங்கும், அல்லது பறந்து வரும். அளவு ஒத்த பிட்டை முக்கால் பங்காவது உள்ளே செருகி இறுக்குங்கள், அடிவரை இடிக்க வேண்டாம். பிட் பெரிதாகப் பெரிதாக வேகத்தைக் குறைப்பதும் முக்கியம். 50 மி.மீ. விட்டமுள்ள பிட் நிமிடத்துக்கு 25,000 சுற்று சுழன்றால் அதன் விளிம்பு மணிக்கு 230 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் ஓடும். அத்தகைய பிட்டுக்குப் 12,000 சுற்றே போதும். டிரிம்மரில் அதைப் போடவே கூடாது.

கருகுவதற்குப் பெரும்பாலும் காரணம் தயக்கம். ஓரிடத்தில் நின்றாலோ, மிக மெதுவாக நகர்த்தினாலோ பிட் வெட்டாமல் உரசும். பிட் மழுங்கியிருந்தாலும், பிசின் படிந்திருந்தாலும் அதுவே நடக்கும். ஒரே மூச்சில் ஆழமாக வெட்ட முயல்வதும் காரணமாகலாம். 6 மி.மீ. பிட்டில் ஒரு முறைக்கு 3 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகாதீர்கள், 19 மி.மீ. பலகையை அறுத்துத் துளையிட ஆறேழு சுற்று பிடிக்கும். பிசிர் கிளம்புவது பிட் ரேகையைக் குறுக்கே கடந்து வெளியேறும் இடத்தில். அங்கே ஒரு வேண்டாத கட்டையை ஒட்டிவைத்துப் பிடித்தால் பிய்வது அந்தக் கட்டையாகத்தான் இருக்கும்.

வட்டம் வராததற்குக் காரணம், அதைக் கையால் வரைய முயல்வதுதான். கருவியின் அடித்தட்டில் ஒரு பட்டையை இணைத்து, அதன் மறுமுனையில் ஓர் ஆணியை மையமாக வைத்துக் கவராயம் போலச் சுற்றுங்கள். 120 மி.மீ. காற்றாடிக்கு 115 மி.மீ. விட்டமுள்ள துளை பொருந்தும். மையத்திலிருந்து பிட்டின் வெளிவிளிம்பு வரை 57.5 மி.மீ. இருக்க வேண்டும். நடுவில் கழன்று வரும் வட்டத் துண்டு பிட்டில் சிக்கும் என்பதால், அதை அடியிலுள்ள கட்டையோடு இருபுறப் பசைநாடாவால் முன்பே ஒட்டிவிடுங்கள்.

சதுரத் துளைகளுக்கு 6 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் ஓர் அச்சு செய்துகொண்டு, பிட்டைச் சுற்றி அடித்தட்டில் பொருத்தும் வளையமான கைடு புஷ்ஷை அதன் விளிம்போடு ஓட்டுங்கள். புஷ்ஷின் வெளிவிட்டம் 16 மி.மீ., பிட் 6 மி.மீ. என்றால் வெட்டு ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. உள்ளே தள்ளி விழும். 200 × 100 மி.மீ. துளை வேண்டுமானால் அச்சின் திறப்பு 210 × 110 மி.மீ. இருக்க வேண்டும். மூலைகள் உருண்டையாகவே வரும், அவற்றை உளியால் சதுரமாக்கிக்கொள்ள வேண்டும். அச்சு செய்ய அரை நாள் போகும். வேலை பத்து நிமிடம்தான். இந்தக் கணக்கை ஏற்றுக்கொள்ளாதவர்களுக்கு ரௌட்டர் ஒருபோதும் வசப்படாது என்பது என் அபிப்பிராயம்.

முகப்பின் காற்றுப் பிளவுகளுக்கு ஒரு வழி சொல்கிறேன். 19 மி.மீ. கனத்தில் வெட்டிய ஒடுக்கமான பிளவு காற்றைத் தடுக்கும். எனவே முதலில் பலகையின் பின்புறத்தைப் பள்ளமாகக் குடைந்து 8 மி.மீ. கனம் மட்டும் மிஞ்சச் செய்து, அந்தப் பள்ளத்தில் ஒரு கட்டையை அடைத்துத் தாங்கல் கொடுத்த பிறகு, முன்புறமிருந்து பிளவுகளை வெட்டுங்கள்.

கண்ணாடி, காதடைப்பு, நல்ல முகமூடி மூன்றும் கட்டாயம். மரத்தூளைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே சேர்த்துவிட்டது.

கேள்வி: கதவுக்குப் பூவேலை செதுக்கும் சி.என்.சி. பட்டறை எங்கள் தெருவிலேயே இருக்கிறது. அங்கே கொடுத்துவிடலாமே?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். அந்த இயந்திரமும் ரௌட்டர்தான், கணினி ஓட்டுகிறது என்பதே வேறுபாடு. வரைபடத்தை டி.எக்ஸ்.எஃப். கோப்பாக, மில்லிமீட்டர் அளவில் கொண்டுபோங்கள். கதவு செதுக்குபவருக்கு அரை மி.மீ. ஒரு பொருட்டாக இருக்காது, உங்களுக்கு இருக்கும். பிளைவுட்டின் கனத்தையும் கடைக்காரர் சொன்னபடி எழுதாமல் வெர்னியரால் அளந்து எழுதுங்கள். 19 என்று விற்கப்படுவது பல நேரங்களில் 18-ஐ ஒட்டி இருக்கும். 19-க்கு வெட்டிய காடியில் அது ஆடும்.

கேள்வி: மரப்பெட்டிக்கு மாற்றிய பிறகு, அருகில் வைத்த வானொலியில் இரைச்சல் கேட்கிறது. 'எர்த்' இல்லாததால் ஷாக் அடிக்குமா?
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: இரண்டும் தனித்தனிச் செய்திகள். இரும்புப் பெட்டி, தாய்ப்பலகையிலிருந்து கிளம்பும் மின்காந்த அலைகளை ஓரளவு உள்ளேயே அடக்கிவைக்கும். மரம் அதைச் செய்யாது. உட்பக்கச் சுவர்களில் மெல்லிய அலுமினியத் தகட்டையோ செப்புத் தாளையோ பதித்து, எல்லாத் துண்டுகளையும் ஒன்றோடொன்று இணைத்து, மின்வழங்கியின் உலோக உறையோடு ஒரு கம்பியால் சேர்த்துவிட்டால் இரைச்சல் குறையும். தகடு தாய்ப்பலகையின் அடியைத் தொடாதபடி, அதைத் தாங்கும் சிறு தூண்களான ஸ்டாண்டாஃப்களின் உயரத்தை, அதாவது ஏறத்தாழ 6.5 மி.மீ. இடைவெளியை, விட மறக்காதீர்கள். பெட்டிக்குள்ளேயே வை-ஃபை ஆன்டெனா இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் மரமாகவே விடுங்கள்.

எர்த் மின்வழங்கியின் மூன்று முள் செருகி வழியாக வருகிறது, பலகைக்கும் அங்கிருந்தே கம்பிகள் வழியாகச் செல்கிறது. பெட்டி மரமானதால் அது அறுந்துவிடுவதில்லை. ஆனால் சுவரில் உள்ள எர்த் சரியாக இல்லாமல் உலோக உறையைத் தொடும்போது கை சுருக்கென்றால், அது வீட்டு வயரிங்கின் குறை. கணினியை அணைத்துவிட்டு மின்பணியாளரை அழையுங்கள்.

கேள்வி: பெட்டி முடிந்தது. என்ன பாலிஷ் போடலாம்? எப்போது கணினியை உள்ளே வைக்கலாம்?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: உப்புத்தாளில் 120, 180, 220 என்று வரிசையாகத் தேய்த்துவிட்டு, அரக்கு பாலிஷ் அல்லது பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சு எதையும் போடலாம். உட்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் சமமாகப் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை ஈரத்தை மறுபக்கம் வழியாக மட்டும் வாங்கி வளையும். ஆளிவிதை எண்ணெய் பூசுவதாக இருந்தால், துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள். அது காயும்போது தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். விரித்து வெளியில் உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். பூச்சின் வாடை முழுதும் போக இரண்டு வாரம் விட்டு, மூலைகளில் ஒளிந்திருக்கும் மரத்தூளை உறிஞ்சியெடுத்த பிறகு தாய்ப்பலகையை உள்ளே வையுங்கள். அதுவரை அதை பட்டறைப் பக்கமே கொண்டுவர வேண்டாம்.